அழுக்குத் தெரியாத கலர்

ரோசிக்கு அழுக்கு என்றால் கறுப்பு. வேறு நிறத்திலும் அழுக்கு உண்டு என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், பாவம், வெயிலில் வந்தவர்போல என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பாள். ராயபுரத்தில் துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில் பிறந்து, அதற்குப் பின்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அந்த நாளில் கப்பலிலிருந்து கரி இறக்குவார்கள். காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் பூத்துவிடாது, நேராகக் கறுத்துவிடும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காதைக் குடைந்தால் கறுப்பு, மாதா சொரூபத்தின் பாதத்தைத் துடைத்தால் கறுப்பு. கரி நின்றுபோன பிறகு கன்டெய்னர் லாரிகளின் புகை வந்தது. அதுவும் மரபை மீறவில்லை.

ஐம்பத்துமூன்று வயதில் முப்பது வருடத்தை அவள் சுவர் துடைத்தே கழித்திருந்தாள். காலையில் பூசை முடிந்து வந்ததும் ஒருமுறை, மாலையில் விளக்குப் போடும் முன் ஒருமுறை. ஈரத்துணியைப் பிழிந்து, வலது கையால் அரைவட்டமாக ஒரு இழுப்பு, திரும்பி ஒரு இழுப்பு. வலது தோள்பட்டை ஜெபமாலை உருட்டுவதுபோலக் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. டாக்டர் கையைத் தூக்கக் கூடாது என்றார். சுவர் இடுப்புயரத்தில் முடிந்துவிடுமா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றான். அதே வருடம் வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். கைக்கு வந்த பணத்தில் வள்ளூர்ப் பக்கம் மரியநேசன் நகரில் இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட வீட்டை வாங்கினார்கள். தரகர் வீட்டின் பெருமையாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். “நாலு மணிக்கு ஜன்னலத் தொறங்க சார். கடல்காத்து அப்பிடியே உங்கள தேடிகினு வரும்.” அவர் பொய் சொல்லவில்லை. காற்று தனியாக வரும் என்றும் அவர் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் குடிவந்தார்கள். ஆடிக்காற்று மேற்கேயிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்ததால், கடல் பக்கம் நின்ற புகைக்கூண்டுகளை அவர்கள் ஒரு அடையாளமாக மட்டுமே வைத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல வசதியாக இருந்தது. அப்படியும் சுவரில் ஏதோ படியத்தான் செய்தது. ரோசி ஈரத்துணியால் துடைத்தாள். துணி கறுத்தது. பழைய சொந்தக்காரர் வீடு தேடி வந்ததுபோல அவளுக்கு இருந்தது.

வீடு மந்திரிப்புக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். மகள் ஜானட்டின் மாமியார் அடைக்கலமேரி, எல்லோரும் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் கம்பியில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சாண் இழுத்தாள். விரலைப் பார்த்தாள். கைக்குட்டையில் துடைத்தாள். கைக்குட்டையை நான்காக மடித்து, இன்ஸ்பெக்டர் சாட்சிப் பொருளை எடுத்து வைப்பதுபோலப் பைக்குள் வைத்தாள். பிரியாணியை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள்.

“சம்பந்தி, நா தப்பா சொல்றேன்னு நெனைக்காதீங்க,” என்றாள் கை கழுவிவிட்டு. “மொத பிரசவம் அம்மா வூட்லதான். அத்த மாத்தறதுக்கு நா யாரு. ஆனா இந்த வூடு இன்னா இப்பிடிக் கலீஜா கீது. கைக்கொயந்த மூக்குல இது போனா யாரு பதில் சொல்றது?”

“நா தொடச்சிடுவேன் சம்பந்தி.”

“நீங்க தொடைப்பீங்க. உங்க கை எனக்குத் தெரியாதா. தொடைக்கற அளவுக்குக் கீதே, அத்ததான் சொல்றேன்.”

“அங்க ராயபுரத்துலயும்தான்...”

“அங்க கீறது எங்களுக்குப் பயகிப்போச்சு,” என்றாள் ராயபுரத்திலேயே குடியிருந்த அடைக்கலமேரி. “அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கெயம பூசை முடிச்சி மருமவள இட்டுகினு வர்றேன். ரூம பாக்கறேன். ஒயுங்கா இருந்தா அன்னிக்கே உட்டுட்டுப் போறேன். இல்லாட்டி எங்க வூட்லயே பிரசவம். அப்பால மனஸ்தாபம் வேணாம்.”

ஜானட்டுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து ஏழு. அன்று ராத்திரியே போன் பண்ணினாள்.

“மம்மி, அவங்க நல்லவங்கதான். ஆனா நா ரெண்டு வாட்டி இருமுனா மூணாவது வாட்டி எப்ப இருமுவேன்னு மூஞ்சியையே பாத்துகினு குந்திகீறாங்க. எனக்கு உன் பக்கத்துல படுக்கணும் மம்மி.”

“வந்துடுவ. நா பாத்துக்கறேன்.”

ஜானட் பிறந்தபோது ரோசிக்கு அம்மா இல்லை. மாமியார் வீட்டில் பெற்று, பதினோராம் நாள் தானே எழுந்து தானே வெந்நீர் வைத்துக் குளித்தவள். தன் மகளுக்குத் தன் கையால் இடுப்பில் வெந்நீர் ஊற்ற வேண்டும், பால் சுறாவைப் புட்டாக்கிப் பூண்டு போட்டுத் தர வேண்டும் என்பதை ஜானட்டுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்கே அவள் முடிவு செய்திருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வால்டர் சுறாவைப் பற்றி மட்டும் கேட்பான்.

டில்லிபாபு இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தான். கொருக்குப்பேட்டைக்காரன், வால்டரின் தோஸ்து, முன்பு கன்டெய்னருக்கு பெயிண்ட் அடித்தவன். இப்போது வீடுகளுக்கு அடிக்கிறான். அவனைப் பொறுத்தவரை வீடு என்பது ஜன்னல் வைத்த கன்டெய்னர்.

“அக்கா, வெள்ள அடிச்சா அழுக்கு தெரியும். மஞ்ச அடிச்சா தெரியும். ரோஸு அடிச்சா ரெண்டு மடங்கு தெரியும்,” என்றான். “அழுக்கு இன்னா கலரோ அதே கலர அடிச்சிட்டா? அது எங்க போய்க் குந்தும்? எங்க குந்துனாலும் யாருக்குத் தெரியும்?”

“கறுப்பா?” என்றான் வால்டர். “பொறக்கப்போற புள்ளைக்கு?”

“அண்ணாத்த, நீ எந்தக் காலத்துல கீற. இத்தப் பாரு.”

டில்லிபாபு போனை நீட்டினான். எந்த நாட்டிலோ ஒரு படுக்கையறை. சுவர் கறுப்பு, கூரை சாம்பல், கதவு இரண்டுக்கும் நடுவில். ஒரு பித்தளை விளக்கு. ஒரு நாற்காலி. கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம். அந்த வீட்டில் மனிதர்கள் இருப்பதற்கான தடயமே இல்லை. துணி காயும் கயிறு இல்லை, காலண்டர் இல்லை, மாத்திரை டப்பா இல்லை. ரோசி அதைப் பெரிதாக்கிச் சுவரின் மூலைகளை மட்டும் பார்த்தாள். மூலைகளில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் தோள்பட்டை அந்த நிமிடமே கொஞ்சம் இறங்கியது.

“தொடைக்கவே தேவையில்லையா?”

“சாத்திரத்துக்கு மாசத்துல ஒரு வாட்டி தொடையேன்.”

டோல்கேட்டில் உசேன் பாய் கடைக்கு மூவரும் போனார்கள். உசேன் பாய் கலர் கார்டை விசிறிபோல விரித்தார். அவர் விற்பதில் பாதி சந்தன நிறம், மீதி சந்தன நிறத்துக்கு உறவு. யாராவது அடர்ந்த நிறம் கேட்டால் நிறம் கலக்கும் டின்டிங் மெஷினை ஓட்ட ஒரு காரணம் கிடைத்ததென்று மகிழ்ந்துபோவார்.

“ஒரே கலரு, மூணு படிங்கம்மா. டோனல்னு சொல்றாங்க. மேல கொஞ்சம் வெளுப்பு, மூணு செவுரு நல்ல கருப்பு, தலமாட்டுச் செவுரு அத்தவிடக் கருப்பு. இத்தப் பாருங்க, மிட்நைட் ஹார்பர்.”

வால்டர் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். “முப்பத்திநாலு வருசம் நைட் ஷிப்டு பாத்தேன் பாய். ஹார்பரு மிட்நைட்ல மஞ்சளாக் கீது. சோடியம் லைட்டு.”

“பேருதான் சார் அது.”

“இது?”

“சார்க்கோல் ட்ரீம்.”

“கரியப் பத்திக் கனா,” என்றான் வால்டர் ரோசியிடம். “நமக்கு ராத்திரில வருமே, அது. டப்பால போட்டு விக்கறாங்க.”

ரோசி சிரிக்கவில்லை. பளபளப்பு வேண்டுமா, பளபளக்காத மேட்டா என்று உசேன் பாய் கேட்டார். ரோசி பளபளப்பு என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “மேட்டு. பளபளன்னு இருந்தா சலூன் மாதிரி கீது,” என்று டில்லிபாபு தீர்ப்பு சொல்லிவிட்டான். சொரசொரப்பு எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது மூவருக்கும் தெரியும். பிடித்து வைத்துக்கொண்டாலும் கறுப்பைக் கறுப்பில் யார் பார்க்கப் போகிறார்கள்.

அடைக்கலமேரி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை வேலை தொடங்கியது. உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்தார்கள். ஓட்டைகளுக்குப் பட்டி வைத்தார்கள். ரோசி கட்டிலையும் பீரோவையும் கூடத்துக்கு இழுத்துவந்து, அவற்றின்மேல் பழைய சேலைகளைப் போர்த்தினாள். ஆவணி பிறந்தும் வெயில் ஆடியிலேயே நின்றுகொண்டிருந்தது. ரோலர் முதல் வரியை இழுத்தபோது அறையில் ஒரு ஆள் உயரத்துக்கு இருட்டு வந்தது. மத்தியானத்துக்குள் டியூப் லைட் போட வேண்டியதாயிற்று. இரண்டு டியூப் லைட் போட்டும், வெளிச்சம் சுவர்வரை போய்விட்டுத் திரும்பி வர மறந்துபோனது.

“ரோசி, இது ரூமா, கப்பல்ல சரக்கு எறக்கற ஹோல்டா?” என்றான் வால்டர் வாசலில் நின்று. “மேலேருந்து கொக்கி எறங்கி என்னத் தூக்கிகினு போயிடும்போல கீது.”

“போனா போ. தொடைக்க ஒரு ஆளு கொறையும்.”

“நா எங்க தொடச்சேன்?”

“அத்ததான் சொல்றேன்.”

டில்லிபாபுவுக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தாள். அவன் சுவரைப் பார்த்தபடியே தின்றான். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு தின்றால் அவனுக்கு இரண்டு பிடி அதிகமாக இறங்கும்.

பக்கத்து வீட்டுச் செங்கொடி அப்போதுதான் எட்டிப் பார்த்தாள். அந்த ஊரிலேயே பிறந்தவள், கணவன் வல்லரசுக்கு அந்தப் புகைக்கூண்டுகள் நின்ற அனல் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை. கையில் முறம், முறத்தில் உளுந்து, உளுந்தின்மேல் ஒரு துணி.

“இன்னாக்கா, கொழந்த வர்ற ரூமுன்னு சொன்ன?”

“ஆமா. அழுக்கு தெரியாது.”

செங்கொடி சுவரைப் பார்த்தாள். பிறகு டில்லிபாபுவைப் பார்த்தாள். “யாரு சொன்னது?”

“நாந்தாம்மா. முப்பது வருசமா பெயிண்ட் அடிக்கறேன்.”

“எங்க அடிச்ச?”

“கொருக்குப்பேட்ட, தண்டையார்பேட்ட, டோல்கேட்டு...”

“அதான்,” என்றாள் செங்கொடி. மேலே ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அவள் வீட்டிலிருந்து குக்கர் கூப்பிட்டது, போய்விட்டாள்.

“பொறாம,” என்றான் டில்லிபாபு. ரோசிக்கும் அப்படித்தான் தோன்றியது. செங்கொடி வீட்டுச் சுவருக்குச் சாணி நிறத்துக்கும் சிமெண்ட் நிறத்துக்கும் நடுவில் பெயர் வைக்கப்படாத ஒரு நிறம். பெயின்டே அடித்ததில்லை போல.

சனிக்கிழமை பகலுக்குள் இரண்டாம் கோட்டிங் முடிந்து, கட்டில் அறை நடுவுக்குத் திரும்பியது. “ஜன்னல ரெண்டையும் பப்பரக்கான்னு தொறந்து வையுங்க. வாடையும் போவும், காயவும் காயும்,” என்று சொல்லிவிட்டு டில்லிபாபு மறுநாள் மீன் குழம்புக்கு வருவதாகக் கிளம்பினான். அன்றைக்குத்தான் காற்று திசை மாறியது. மூன்று மணி சுமாருக்குக் கடலில் இருந்து குளுகுளுவென்று ஒரு வீச்சு. ஊரெல்லாம் படபடவென்று ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. கடல்காற்று வரும்போது ஜன்னலைச் சாத்துகிற ஜனங்களை ரோசி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ராயபுரத்தில் அந்த நேரத்துக்காகத்தான் ஜன்னல் என்ற பொருளே வைத்திருந்தார்கள். சீரியல் பார்க்க இருட்டாக்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கூடத்துத் தரையில் தலையணையில்லாமல் படுத்தாள். மூன்று நாள் அலுப்பு. காற்று முகத்தில் படப்பட, கண் தானாக மூடியது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அறைக் கதவைத் திறந்தாள். யாரோ கோலமாவு டின்னைக் கவிழ்த்து ஊதிவிட்டதுபோல இருந்தது. தலைமாட்டுச் சுவர், உசேன் பாய் கடையிலேயே மிகக் கறுப்பு என்று கொடுத்த சுவர், வெளிறிப் போயிருந்தது. ரோலர் இழுத்த ஒவ்வொரு வரியின் மேட்டிலும் வெள்ளை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கம்பிகளின் நிழல்போலச் சில கறுப்புக் கோடுகள் மட்டும் தப்பித்திருந்தன.

வாளியில் தண்ணீர் பிடித்தாள், துணியைப் பிழிந்தாள், அரைவட்டமாக இழுத்தாள். துணியில் கறுப்பாக வந்தது. சுவர் மழையில் நனைந்த ரோடுபோல அடர்ந்து மின்னியது. அவளுக்கு மூச்சு வந்தது. நாலு சுவரையும் முடிக்க ஒன்றேகால் மணி நேரம். தோள்பட்டையை இடது கையால் அழுத்திக்கொண்டு போய், வால்டருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சங்கரா மீனைக் கழுவி மஞ்சள் தடவினாள். திரும்பி வந்து பார்த்தால் சுவர் காய்ந்திருந்தது. அவள் கை போன வழியெல்லாம் வெள்ளையாக அரைவட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று, மீன் செதில்போல, சுவர் முழுக்க. எட்டாத உயரத்தில் வட்டம் கோணிப்போன இடம்கூடத் தெரிந்தது. முப்பது வருடமாக அவள் செய்த வேலையை யாரும் பார்த்ததில்லை. இப்போது வரைபடம் போட்டு மாட்டியதுபோல அது நின்றது.

மறுபடி துடைத்தாள். ஈரத்தில் கறுப்பு. காய்ந்தால் வெள்ளை. மூன்றாம் முறை வாளியோடு திரும்பும்போது செங்கொடி வாசலில் நின்றாள்.

“ஈரத்துல எல்லாம் கறுப்பாத்தாங்க்கா தெரியும்,” என்றாள். “காய உட்டுப் பாரு. இது கரி இல்ல. எரிச்ச சாம்பலு. எங்க ஊர்ல அழுக்கு வெள்ளதான்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்லத்தான் வந்தேன். முப்பது வருசமா பெயிண்ட் அடிக்கறவரு சாப்டுகினு இருந்தாரு.” செங்கொடி உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள். குரலில் கேலி இல்லை. “எங்க வூட்டுச் செவுரு ஏன் அந்தக் கலருல கீதுன்னு நெனச்ச? அது கலரே இல்ல. பத்து வருசம் தொடச்சேன், அப்பால உட்டுட்டேன். இனிமே தொடைக்காதக்கா. நேத்து ஈரத்துல குந்துனது பெயிண்டோடயே ஒட்டிகினு கீது. உன் கைதான் போவும்.”

ரோசி வாளியைக் கீழே வைத்தாள். அப்போது மணி பத்தே முக்கால். வாசலில் ஆட்டோ நின்றது.

அடைக்கலமேரி பூசைக்குப் போட்ட பட்டுச்சேலையோடு இறங்கினாள். பின்னால் ஜானட், வயிறு முன்னே வர, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. கையில் துணிப்பை. நம்பிக்கையோடு பெட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மீன் வாசனை பிடித்து வந்ததுபோல டில்லிபாபுவும் அதே நேரத்துக்கு வந்தான். அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தான். இரண்டு கோட்டிங் அடித்த மனிதன் தன் பிள்ளையை அடையாளம் தெரியாமல் நிற்பதுபோல நின்றான்.

அடைக்கலமேரி உள்ளே போனாள். நான்கு சுவரையும் ஒரு சுற்று பார்த்தாள். ரோசி மாதாவை நினைத்துக்கொண்டாள். வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை, நினைத்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

“இன்னா சம்பந்தி,” என்றாள் அடைக்கலமேரி. “டெக்ஸ்சர் போட்டுகீறீங்க?”

டில்லிபாபு நிமிர்ந்து பார்த்தான்.

“எங்க அண்ணி வூட்ல, பெரம்பூர்ல, ஹால்ல ஒரே ஒரு செவுத்துக்குப் போட்டாங்க. இதே மாதிரி அர வட்டம் அர வட்டமா. கையாலயே இழுப்பாங்களாமே. நீங்க நாலு செவுத்துக்கும் போட்டுகீறீங்க.”

“டெக்ஸ்சர்தாங்கம்மா,” என்றான் டில்லிபாபு. அவன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. “கை வேல. ரொம்பப் பொறுமை வேணும்.”

“சோக்கா கீது.” அவள் ஆள்காட்டி விரலை நீட்டிச் சுவருக்கு ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தி, மடக்கிக்கொண்டாள். “புதுசு. கை பட்டா தடம் வுயும்.” ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். காலையில் மூன்று முறை கழுவிய கம்பி ஈரம் மாறாமல் கறுப்பாக மின்னியது. “இல்ல சம்பந்தி, நா ஒத்துக்கறேன். நீங்க இவ்ளோ மெனக்கெடுவீங்கன்னு நெனைக்கல. ஜானட், பைய வையி.”

வால்டர் ரோசியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கப்பல் கரை சேர்ந்ததற்கு அவன் வைத்திருந்த சைகை அது. ஜானட் பையை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். “அப்பாடா. மம்மி, ஃபேனப் போடேன்.”

ரோசி ஃபேனைப் போட்டாள்.

ஜன்னல் வழியாகப் பதினொரு மணி வெயில் ஒரு பலகைபோல உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் அதில் எதுவும் தெரிந்திருக்காது. பின்னால் அத்தனை கறுப்பு இருந்ததால், அதற்குள் மிதக்கும் துகள்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஃபேன் சுற்றச் சுற்றச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் கட்டில் சட்டத்திலிருந்தும் எழுந்து, மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கின. ஜானட் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் மூச்சை இழுத்தபோது முகத்துக்கு மேலே இருந்தவை கீழே வளைந்து போயின. வெளியே விட்டபோது சில மட்டுமே திரும்பி வந்தன. வயிறு உயர்ந்து தாழ்ந்தது. ரோசி எண்ணத் தொடங்கவில்லை. நாலைந்து மூச்சு பார்த்தாள்.

“ஜானட். எந்திரி.”

“இன்னா மம்மி, இப்பதான படுத்தேன்.”

“எந்திரிம்மா. ஹாலுக்குப் போ.” அவள் ஃபேனை நிறுத்தினாள். அடைக்கலமேரியிடம் திரும்பினாள். “டெக்ஸ்சர் இல்ல சம்பந்தி. நா தொடச்ச தடம்.”

வால்டர் இருமினான். “ரோசி, அவங்கதான் நல்லாகீதுன்னு...”

“நீ சும்மா இரு ஜானட்டுப்பா. சாம்பலு சம்பந்தி. நேத்து சாயந்திரம் ஒரே ஒரு வாட்டி ஜன்னல் தொறந்து வெச்சதுக்கு இவ்ளோ. அழுக்கு தெரியக்கூடாதுன்னுதான் கருப்பு அடிச்சோம். கேணச்சிங்க மாதிரி. இது இப்பிடித் தெரியும்னு எங்களுக்குத் தெரியாது.”

அடைக்கலமேரி இந்தமுறை விரலை நிறுத்தவில்லை. சுவரில் வைத்து இழுத்தாள், பார்த்தாள், கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். அவள் முகத்தில் வெற்றி வரும் என்று ரோசி காத்திருந்தாள். வரவில்லை.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்பால இன்னாத்துக்குச் சொன்னீங்க?”

ரோசியின் மனதில் குழந்தை, மூக்கு, வயிறு எல்லாம் வரிசையாக வந்தன. எதையும் எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

“கை வலிக்குது சம்பந்தி,” என்றாள்.

ஜானட் அழுதாள். பெரிய அழுகை இல்லை. கட்டி வந்த பையை மறுபடி கையில் எடுத்ததும் மூக்கு சிவந்துபோனது, அவ்வளவுதான். டில்லிபாபு யாருக்கும் இடைஞ்சலில்லாமல் சமையலறை வாசலுக்கு நகர்ந்தான்.

“நா ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் ரோசி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது அந்தத் தெருக்களில் யாரும் கேட்டு வாங்குகிற காரியமில்லை. “பிரசவம் உங்க வூட்லயே இருக்கட்டும். நா அங்க வந்து பாத்துக்கறேன். நாப்பது நாளு. ஒரு ஓரமா இருப்பேன்.”

“எங்க வூட்ல எங்க சம்பந்தி எடம்? ஒரு ரூமு, ஒரு ஹாலு.”

“சமையக்கட்டுல படுத்துக்கறேன்.”

“சம்பந்திய சமையக்கட்டுல படுக்க வெச்சேன்னா எங்க தெரு என்ன உசுரோட உடுமா?” அடைக்கலமேரி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பட்டுச்சேலை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. “ஹால்ல என் பக்கத்துல படுங்க. நா கொறட்ட உடுவேன். அவரு சவுதிக்கே அதுக்குத்தான் போனாருன்னு பேசிக்குவாங்க.”

“உடுங்க. பரவால்ல.”

“சுறாப்புட்டு நீங்க செய்வீங்களா, நா செய்யவா?”

“நா செய்யறேன் சம்பந்தி. அத்த மட்டும் என்கிட்ட உட்டுடுங்க.”

“பூண்டு நெறைய போடணும்.”

“போடுவேன்.”

கூடத்தில் பாய் விரித்தார்கள். சங்கரா மீன் குழம்பு, கொஞ்சம் ஆறிப்போய், ருசி கூடியிருந்தது. வால்டர் முள் எடுத்து மகளின் தட்டில் வைத்தான். டில்லிபாபு இந்தமுறை சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான். இரண்டு பிடி குறைவாகத்தான் இறங்கியது.

ஜானட் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள்.

“மம்மி. நா வரக்கூடாது, கொழந்த வரக்கூடாது. சரி. நாப்பது நாள் கயிச்சி நீ இங்கதான திரும்பி வருவ? டாடி அதுவரைக்கும் இங்கதான கீறாரு?”

“ஆமா.”

“அப்ப நீங்க ரெண்டு பேரு?”

அடைக்கலமேரி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வால்டர் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தான். பிறகு அதையே எடுத்து இன்னொரு ஓரத்தில் வைத்தான்.

“நாங்க இன்னாடி, புதுசா பொறக்கவா போறோம்?” என்றாள் ரோசி. வலது கை தூக்க வராததால், இடது கையால் கரண்டியை எடுத்து மகளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். “துன்னு.”